கூழாங்கல் பிடித்த கொடுக்கு

அந்தக் காலத்தில் நண்டும் நாரையும் பேசிக்கொண்டன; சமைத்தும் சாப்பிட்டன. ஆறு கடலில் கலக்கும் சேற்றுக்கரையில் கழியன் என்றொரு நண்டு இருந்தான். அவன் மனைவி செவந்தி. அப்போதெல்லாம் ஆணானாலும் பெண்ணானாலும் நண்டுக்கு இரண்டு சின்னக் கொடுக்குகள்தான், அச்சில் வார்த்தது போல.

செவந்தி வயிற்றோடு முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். பௌர்ணமிக்குக் கடல் பொங்கிப் பெருவெள்ளம் ஏறும் வரை வளையை விட்டு வரக் கூடாது. கழியன்தான் தினமும் ஒரு சிப்பி அரிசி கொண்டுவருவான். அதில் கஞ்சி வைத்துக் குடித்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் செவந்தி முகத்தைச் சுளித்தாள். "கஞ்சியைப் பாத்தாலே குமட்டுது மாமா. கொழுக்கட்டை திங்கணும்போல இருக்கு."

கேட்க வேண்டுமா? கழியன் அரிசியைத் தூக்கிக்கொண்டு, எட்டுக் காலும் ஒன்றோடொன்று பின்ன, மாவு இடித்துத் தரும் நாரையக்காளிடம் ஓடினான். அவள் தன் மூக்காலேயே அரிசியை இடித்து, பூப்போலச் சலித்து, ஒரு சிப்பி நிறைய மாவு கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அவன் குலுங்கக் குலுங்க வளைக்கு வந்து சேர்ந்தபோது, மாவு முக்கால் சிப்பிக்கு இறங்கியிருந்தது.

செவந்தி சிப்பியைப் பார்த்தாள்; அவனைப் பார்த்தாள்.

"வழியில தின்னீங்களா மாமா?"

"நம்ம புள்ளைங்க மேல சத்தியமா இல்ல, புள்ள!"

"தின்னா என்ன, தின்னுக்கங்க. பசிச்சுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

திட்டியிருந்தால்கூடக் கழியனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. கொழுக்கட்டை அவளுக்குப் போதவில்லை. அரைப் பசியோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் நாரையக்காளிடம் போய் நின்றான். "அக்கா, நேத்து அளவு குறைஞ்சுடுச்சே."

"ஒன் கண்ணு முன்னாலதானே அளந்தேன்? கண்ணைத்தான் இப்படி நீட்டி வச்சிருக்கியே, அப்ப எங்க பாத்துக்கிட்டிருந்த?"

கழியன் ஒரு கொடுக்கில் அரிசிச் சிப்பியையும் இன்னொன்றில் அவள் அன்றைக்கு அளந்த மாவுச் சிப்பியையும் சும்மா தூக்கினான். இரண்டும் வாய்வரை நிறைந்தவை. ஆனாலும் அரிசிக் கை கீழே போயிற்று, மாவுக் கை மேலே வந்தது. கழியன் திகைத்துப்போனான்.

ஒரு சிப்பி அரிசியின் எடைக்குச் சரியாக ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்தான். அந்தக் கல்லுக்குச் சமமாகும் வரை பூவரச இலையில் மாவைப் போடச் சொன்னான். ஒன்றரைச் சிப்பி பிடித்தது.

ஒன்றரைச் சிப்பி என்று சொல்லி அவன் கொண்டுவந்ததை வீட்டில் செவந்தி சிப்பியில் கொட்டிப் பார்த்தாள். ஒரு சிப்பிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது. அவள் முகம் வாடியது.

"சிப்பியைப் பாக்காத புள்ள. கல்லையும் மாவையும் தூக்கிப் பாரு."

மாவை இலையில் திருப்பிக் கொட்டித் தூக்கினாள். சமமாக நின்றது. மாவைக் காலால் கிளறினாள், பொங்கி எழுந்தது. தூக்கினாள், சமம். தட்டினாள், மாவு உட்கார்ந்துகொண்டது. மறுபடி தூக்கினாள், அப்போதும் சமம்.

செவந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "மாவு உக்காந்ததுக்கு உங்களைப் போயி சந்தேகப்பட்டேனே, மாமா."

அன்றைக்குக் கொழுக்கட்டை அவளுக்கு வயிறாரக் கிடைத்தது.

அதற்குப் பிறகு கழியன் அந்தக் கல்லைக் கீழே வைக்கவே இல்லை. "செத்த நேரம் வச்சிட்டுச் சாப்பிடுங்க" என்று அவள் கெஞ்சுவாள். "வச்சா சேறு முழுங்கிடும். அப்புறம் உன் பசிக்கு நான் எதை வச்சு நிறுப்பேன்?" என்பான். ஒற்றைக் கொடுக்கால் கொறித்தே காலத்தை ஓட்டினான். அவள் இரண்டு கொடுக்காலும் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்ப்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பெருவெள்ளம் வந்தது. செவந்தி நீரோரம் போய்க் குஞ்சுகளைக் கடலில் விட்டாள். கழியன் வளை வாசலில் நின்று கொடுக்கை விரித்தான். கல் விழுந்தது, சேறு விழுங்கியது. ஆனால் சுமந்து சுமந்து பருத்த கொடுக்கு பழையபடி சிறுக்கவில்லை. தூரத்தில் செவந்தி தெரிந்ததும், கை காலியாகிவிட்டது, வீட்டுக்கு வா என்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

அன்று முதல்தான் அந்தச் சேற்றுக்கரையில் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிதாகவும், பெண் நண்டுக்கு இரண்டும் சிறிதாகவும் இருக்கின்றன. நீர் வடிந்ததும் அவன் வளை வாசலில் நின்று, கல்லில்லாத கையை ஏற்றி இறக்கி, அவள் பசியை இன்னமும் நிறுத்துக்கொண்டிருக்கிறான்.