அதே ஐந்து வோல்ட்

நிலோஃபரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக்கில் ஆறு வருடம் பாடம் நடத்தியவர். இப்போது மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் சின்னப் பட்டறை வைத்து, ரத்த வங்கிக் குளிர்பெட்டிகளுக்கு அலாரம் போர்டு செய்கிறார். பெட்டிக்குள் சூடு ஏறினால் அலாரம் கத்தவேண்டும். ஏறாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். மனிதர்களிடம் கேட்டால் கிடைக்காத குணம் அது.

அவரிடம் சீடராகச் சேர்ந்த இருளப்பனுக்கு ஐம்பத்துநான்கு வயது. டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவர். வேலையை விட்டுப்போன எஞ்சினியர் பிரபாகரின் இடத்தில் நான்கு மாதமாக இருக்கிறார். அந்த இடம் தனக்கு நிலைக்குமா என்ற பயம் தினமும் அவருடன் பஸ் ஏறி வரும்.

போர்டில் ஐந்து வோல்ட் தருகிற ரெகுலேட்டர் சிப் இனிமேல் வராது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். மாற்றுச் சிப் பார்க்கும் வேலையை டீச்சர் இருளப்பனிடம் விட்டார். தனியாகக் கிடைத்த முதல் பொறுப்பு.

இருளப்பனுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஒரு பாகம் கிடைக்காவிட்டால் அதே மாதிரி இன்னொன்று. எதற்குப் பதில் எது என்று அச்சடித்த புத்தகமே கடைத்தெருவில் விற்ற காலத்தில் தொழில் கற்றவர். ஐந்து வோல்ட்டா, ஆமாம். மூன்று கால்களும் அதே வரிசையா, ஆமாம். தாங்கும் கரண்ட் பழையதைவிடக் கூடுதல். பன்னிரண்டு போர்டிலும் மாற்றிச் சாலிடர் வைத்தார். மீட்டர் கச்சிதமாக ஐந்து காட்டியது.

மறுநாள் காலை சோதனை. குளிர்பெட்டி நாலு டிகிரியில் நிம்மதியாக இருந்தது. அலாரம் கத்தியது. வேறு போர்டை மாட்டினார். அதுவும் கத்தியது. மூன்றாவது சற்று யோசித்துவிட்டுக் கத்தியது.

மாலை நாலு மணிக்கு போர்டுகளை எடுத்துப்போக வண்டி வரும். சும்மா கத்துகிற அலாரத்தை யாராவது அணைத்து வைப்பார்கள். நிஜமாகவே சூடு ஏறும் அன்றைக்கு அது ஊமையாக இருக்கும். யாருக்கோ ஏற்றவேண்டிய ரத்தம் கெட்டுப்போகும்.

"டீச்சர், வோல்ட்டும் அதேதான், காலும் அதேதான். பழசைவிட நல்ல சிப்புதான் போட்டுருக்கேன். பெறகு ஏன் இப்படி?"

டீச்சர், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை இழுத்து, அதன் முனையைச் சிப்பின் காலில் வைத்தார். நேர்கோடாக ஓடவேண்டிய ஐந்து வோல்ட், திரையில் நெளிந்து நெளிந்து ஓடியது.

"மீட்டர் அஞ்சு காட்டுச்சே."

"அது சராசரியைக் காட்டிருக்கும்ணே. இந்த நெளிவைத்தான் போர்டு சூடுன்னு நெனைச்சுக் கத்துது."

சிப்புக்குப் பக்கத்தில் கடுகளவில் ஒரு செராமிக் கெபாசிட்டர் இருந்தது. டீச்சர் அதைக் கழற்றினார். கழித்துப்போட்ட போர்டு ஒன்றிலிருந்து பழைய மாதிரி உருளைக் கெபாசிட்டர் ஒன்றை எடுத்து அங்கே ஒட்டினார்.

திரையில் கோடு நேராகப் படுத்தது. அலாரம் வாயை மூடியது.

இருளப்பனுக்கு மூச்சு வந்தது. கூடவே குழப்பமும் வந்தது.

"மட்டமானதைப் போட்டதும் சரியாயிருச்சே டீச்சர்."

"அதுக்குள்ள கொஞ்சம் தடை இருக்கு. புதுச் சிப்பு நெலையா நிக்க அந்தத் தடை வேணும். பழைய சிப்பு அதை எதிர்பாக்காது. சிப்போட விவரப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு."

இருளப்பன் இரண்டு பக்கம்தான் படித்திருந்தார்.

"அப்ப தப்பு சிப்பு மேலயா, அந்தக் கடுகு மேலயா?"

"ரெண்டுமே நல்லதுதாண்ணே. வர்ற சிப்பைப் பத்தி அவ்வளவு விசாரிச்சீங்க. பக்கத்துல யாரு இருக்கான்னு பாக்கலை."

அலமாரியில் புதிய உருளைக் கெபாசிட்டர்கள் பெட்டி நிறைய இருந்தன. மூன்றரைக்குள் பன்னிரண்டு போர்டிலும் மாற்றியாகிவிட்டது. குளிரில் ஒன்றும் மூச்சு விடவில்லை. கதவைத் திறந்துவைத்ததும் ஒழுங்காகக் கத்தின. அலாரம் கத்தியதற்காகக் கண் கலங்கிய மனிதர் அன்று கப்பலூரில் இருளப்பன் ஒருவராகத்தான் இருப்பார்.

வண்டி போனபிறகு இருவரும் டீ குடித்தார்கள். இருளப்பனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியதும், அடியில் கிடந்தது மேலே வந்தது.

"பிரபாகர் சாரா இருந்தா அந்தப் பதினாலாம் பக்கத்தை வாசிச்சிருப்பாரு டீச்சர்."

"வாசிச்சிருப்பாரு."

"அவரு எடத்துல என்னையப் போட்டீங்களே. எப்படி ஒத்துவரும்னு நெனைச்சீங்க?"

டீச்சர் மேஜையில் கிடந்த வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். அதன் ஓரமெங்கும் டீச்சரின் பொடி எழுத்தில் தமிழ்க் குறிப்புகள். எந்தக் கால் எதற்கு, எது சூடாகும், எதைத் தொடக்கூடாது.

"அவர் இருந்தவரைக்கும் இந்த ஓரமெல்லாம் வெறுந்தாளாத்தான் இருந்துச்சு. நீங்க வந்த வாரத்துலதாண்ணே நான் எழுத ஆரம்பிச்சேன்."