ஆறுதல்புரத்தில் சூரியன் இன்னும் வரவில்லை

ஆறுதல்புரத்து ஜனங்களைப் பற்றி யாராவது குறை சொன்னால் நம்பாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் அங்கே மட்டும்தான் இருக்கிறார்கள். மழை வரும்போல இருக்கு, குடையைக் கையில் வச்சுக்கோ என்றால் கையில் வைத்துக்கொண்டே நனைந்து வருவார்கள். விரிக்கச் சொல்லவில்லையே.

சுற்றிலும் பனைமரம், நடுவில் ஒரு ஆலயம், அவ்வளவுதான் ஊர். பள்ளிக்கூடம் தூரம். பிள்ளைகளை டவுன் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டதிலிருந்து ஜெபக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒரே மகள், சுகிர்தா. அம்மாவின் சேலை நுனியைப் பிடிக்காமல் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராது. ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பினால் சேலையையும் அனுப்பவேண்டும். சேலையை அனுப்பிவிட்டு இவள் எதைக் கட்டுவாள்?

மாதம் ஒருமுறை வருகிற போதகரிடம் போய் நின்றாள். "ஐயா, வீட்டுல வச்சே நாங்க சொல்லிக் குடுக்கோம்."

போதகர் நல்ல மனுஷர். "சரிம்மா. எழுத்தும் கணக்கும் நான் வரும்போது பார்த்துக்கிடுதேன். சரித்திரம், பாட்டு, படம் மூணும் உங்க பொறுப்பு. சரித்திரத்தை வேதத்துல உள்ளபடி, கடவுள் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்ச ஆதியில இருந்து ஆரம்பிங்க. ஒன்னையும் தாண்டிப் போகாதீங்க. ஒன்னு முடிஞ்சாத்தான் அடுத்தது. வாயால சொன்னா மட்டும் பிள்ளைக மனசுல நிக்காது, நடத்திக் காட்டுங்க. எந்த இடத்துல நிக்காங்களோ அதையே பாடட்டும், அதையே வரையட்டும். அசனத்துக்குப் பேராயர் வருவார். வீடா ஹாஸ்டலான்னு அவர் பார்த்துச் சொல்லட்டும்."

ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற பண்டிகைதான் அசனம். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வாத்தியார்களைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இல்லை. சபை மூப்பர் வேதமுத்துவுக்குத்தான் ஊரிலேயே வயசு அதிகம். ஆகவே சரித்திரத்துக்குக் கிட்டத்தில் இருப்பவர் அவர்தான். ஆர்மோனியம் வாசிக்கிற தாசையாவுக்குப் பாட்டு. தலையணை உறையில் நூலால் ரோஜாப்பூ போடுகிற ரத்தினபாய்க்குப் படம். இடம் கொடுத்தது ஜெபக்கனி. அவள் வீட்டில் கருப்பட்டி அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது.

"ஆதியில என்ன இருந்துச்சு?" என்று வேதமுத்து கேட்டார்.

"ஒன்னும் இல்ல மாமா. இருட்டுதான் இருந்துச்சு" என்றாள் ஜெபக்கனி.

"அப்போ ஜன்னலைச் சாத்து."

ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்து, கதவுக்குப் போர்வை தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. யார் காலில் யார் உட்கார்ந்தது என்பது அழுகைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. சரித்திரம் தொடங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து தாசையா இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். "அண்ணாச்சி, இருட்டு போதும்லா? அடுத்தது வெளிச்சம்தானே. ஜன்னலைத் தொறந்திரவா?"

"நீயா தொறப்பே? வெளிச்சம் வரட்டும்னு சொன்னது யாரு? ஆர்மோனியம் வாசிக்கிறவனா?"

"அப்போ நீங்க சொல்லுங்க."

"நான் வெறும் மூப்பன்லே. நான் சொல்லி வந்தா அது எந்த ஊரு வெளிச்சம்?"

"லைட்டுச் சுவிட்சு இருக்கே மாமா" என்றாள் ஜெபக்கனி.

"சுவிட்சு மனுஷன் கண்டுபிடிச்சதும்மா. மனுஷன் ஆறாம் நாள்தான் வாரான். சுவிட்சு அதுக்கும் எவ்வளவோ பின்னால. தாண்டக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காருல்லா?"

சொல்லவேண்டியவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் காத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரமும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. செடிகொடியே மூன்றாம் நாள்தான் என்றால் சோறு எங்கிருந்து வரும் என்று வேதமுத்து யோசித்தார். ஜெபக்கனி கரண்டியால் சட்டியைத் தட்டினாள். "மாமா, சாப்பாட்டு நேரத்துல சரித்திரம் கிடையாது. பிள்ளைக வெளிய வாங்க." இதில் மட்டும் யாரும் விவாதம் செய்யவில்லை.

படப் பாடம் நன்றாகவே நடந்தது. ரத்தினபாய் ஆளுக்கொரு வெள்ளை அட்டையும் அடுப்புக்கரியும் கொடுத்தாள். பிள்ளைகள் தாங்கள் நிற்கிற இடத்தை வரைந்தார்கள். வெளியே கொண்டுவந்து பார்த்து அவள் திருத்துவாள்.

"உன் இருட்டு நல்லா வந்திருக்கு கண்ணு. சுகிர்தா, இங்க என்ன மூலையில வெள்ளையாத் தெரியுது?"

"கை வலிச்சுட்டு டீச்சர்."

"அவசரப்பட்டு வெளிச்சத்தைக் கொண்டாரக்கூடாது. போய் முழுசா இருட்டாக்கு."

பாட்டு கொஞ்சம் கஷ்டம். பாடுவதற்கு ஆளே படைக்கப்படாத காலத்தில் என்ன பாட்டு இருக்கும்? தாசையா நன்றாக யோசித்து, பாடாமல் இருக்கப் பழக்கினார். அதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. ஆர்மோனியத்தை மூடி வைத்து, பிள்ளைகளை உயரக்குரல், தாழ்ந்தகுரல் என்று பிரித்து நிறுத்தி, தாளம் போட்டுச் சும்மா இருக்க வைத்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. தாழ்ந்தகுரல்ல யாரோ மூச்சு விட்டுட்டீங்க. மறுபடியும் பல்லவியில இருந்து."

அசனப் பண்டிகை வந்தது. ஆலய வாசலில் அண்டாவில் குழம்பு கொதித்தது. பேராயர் வெள்ளை அங்கியில் வந்து இறங்கினார். ஜெபக்கனி மகளின் தலையைப் படிய வாரிவிட்டு, "பேராயர் ஐயா வரும்போது ஒன்னுமே பாடாம நல்லா இருக்கணும், என்ன?" என்று சொல்லி உள்ளே அனுப்பினாள்.

பேராயரைக் கருப்பட்டி அறைக்குக் கூட்டிவந்து போர்வையைத் தூக்கி உள்ளே விட்டார்கள். பின்னாலேயே போர்வை விழுந்தது.

"யாரும் இல்லையா?" என்றார் பேராயர்.

பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடாமல் இருந்தார்கள். இருட்டில் தாசையா கையை வீசித் தாளம் போட்டார்.

பேராயர் இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடி கருப்பட்டிப் பாகுச் சட்டிக்குள் போனது. தடுமாறி, சட்டியோடு உட்கார்ந்தார்.

"அட, கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமப்பா."

வேதமுத்து துள்ளி எழுகிற சத்தம் கேட்டது. "சொல்லிட்டாரு. சொல்ல வேண்டியவரு சொல்லிட்டாருலே. தொற ஜன்னலை."

ஜன்னல் திறந்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். சுவர் முழுக்கக் கறுப்பு அட்டைகள். நடுவில் பேராயர், இடுப்புவரை பாகு.

"இதெல்லாம் என்ன?"

"ஆதியில இருந்த இருட்டு, ஐயா" என்றாள் ரத்தினபாய். "ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா வரைஞ்சது. காப்பி அடிக்கல."

"பாட்டு?"

"இவ்வளவு நேரம் கேட்டீங்களே ஐயா" என்றார் தாசையா. "பிடிச்சுதா?"

பேராயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதையும் பாட்டு என்றே எண்ணித் தாசையா தாளம் போட்டார். ஜெபக்கனி அங்கியை வாங்கித் துவைக்கப் போட்டாள். வேதமுத்துவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்த பேராயர் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பிள்ளைகளை உடனே ஹாஸ்டல்ல சேருங்க."

ஜெபக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. சுகிர்தா வந்து சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வேதமுத்து மட்டும் கலங்கவில்லை.

"சேர்த்திருதோம் ஐயா. நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா? ஹாஸ்டல் வந்ததும் முதல்ல எங்க பிள்ளைகதான்."

"வந்ததும்னா?"

"அது மிஷனரிமார் கட்டுனதுல்லா? சரித்திரத்துல கடைசிக்குக் கிட்ட வருது. இன்னைக்குத்தானே முதல் நாள் முடிஞ்சிருக்கு. நடுவுல பெருவெள்ளம் இருக்கு, ராஜாக்கள் இருக்காங்க. தாண்டக்கூடாதே ஐயா."

ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பேராயருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அங்கி இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்பதால் அன்று அவர் அந்த அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்தார்.

விடிந்ததும் தடதடவென்று சத்தம் கேட்டு விழித்தார். தலைக்குமேல் தாசையா ஓடுகளைப் பிரித்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"ரெண்டாம் நாள் ஐயா. இன்னைக்கு ஆகாயம்" என்றார் தாசையா.

பிரித்த இடம் வழியாக வெயில் சுள்ளென்று பேராயரின் வழுக்கையில் விழுந்தது. அவர் எழுந்து முற்றத்துக்கு வந்தார். துவைத்த அங்கி வாளியில் அப்படியே சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஜெபக்கனி சந்தோஷமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் காயப்போடலையா?"

"எப்படிங்கய்யா போட? சூரியன் நாலாம் நாள்தானே."

பேராயர் வானத்தைக் காட்டினார். "அப்போ இது என்ன, தலையைப் பொசுக்குதே?"

"இது நேத்து நீங்க வரச் சொன்ன வெளிச்சம் ஐயா" என்றாள் ஜெபக்கனி. "இதுல துணி காயாது."