ஜெயசிம்மனின் காலி நாற்காலி

சென்னைக் கலைக்கூடம் ஒன்றின் நடுவே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, 'பார்ப்பவரே காட்சி' என்று பெயரும் எழுதி வைத்திருந்தார் கலைஞர் ஜெயசிம்மன். சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ மிக்சரைக் கொட்டிவிட்டார்கள்.

"இப்பவே பெருக்கு. ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது. பட்டா வேலை போயிடும்!" என்று துப்புரவுக்காரி செங்கமலத்திடம் சீறினார் ஜெயசிம்மன்.

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பவ்யமாகச் சொன்னாள்: "அப்ப நீங்க அந்த நாற்காலியில அசையாம உக்காருங்க சார். உங்களை விட்டுட்டு என்னை யாரு பார்க்கப் போறாங்க?"

ஜெயசிம்மனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாடியை நீவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கூட்டம் வாயைப் பிளந்து அவரையே பார்த்தது. செங்கமலம் சாவகாசமாகப் பெருக்கி முடித்தாள்.

அப்போது நாற்காலியை விலைக்கு வாங்க வந்த ஒரு சீமாட்டி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னாள்: "நாற்காலி பிரமாதம். அந்தப் பொம்மையை மட்டும் எடுத்துப் போட்டுடும்மா."

"சரிங்கம்மா" என்று செங்கமலம் முறத்தை நீட்டினாள்.