வெடியுப்பும் நாற்பது சுவடிகளும்

சித்திரை மாதம்; அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள்; உச்சிப் பொழுதுக்கு இரண்டு நாழிகை முன்பு.

“அம்மையே, இதில் தங்கள் ஒப்புதல் குறியை இட வேண்டும்” என்றார் தருக்கப் புலவர் விருத்தகிரி.

அவருக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டியில் நாற்பது சுவடிகள் இருந்தன. எல்லாம் ஒரே நூலின் படிகள்; நாற்பது மடங்களுக்குச் செல்ல வேண்டியவை.

உலகுடைய நாச்சியார் நிமிர்ந்து பார்த்தார். ஆற்றங்கரையின் உவர் மண்ணைக் கரைத்து வடித்து, வெடியுப்புக் காய்ச்சி, வாணம் செய்வோருக்கும் மருத்துவருக்கும் கொடுப்பது அவர் தொழில். அவருக்கு வயது முப்பத்தாறு. புலவருக்கு ஐம்பத்தெட்டு. ஆறு ஆண்டுகளாகப் புலவர் அவருடைய மாணவர். இதைக் கண்டு வியந்தவர்கள் முதல் ஆண்டிலேயே வியந்து ஓய்ந்துவிட்டார்கள்.

“என்ன நூல்?”

“உலகில் தானாக நிகழ்வன எவை, பிறர் முயன்றாலன்றி நிகழாதன எவை என்று ஆராயும் நூல். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு.”

“முடிவு?”

“ஒரே வரி. தானாக நிகழ்வது எதுவும் வெம்மையை வெளிவிட்டே நிகழும். விறகு எரிகிறது, சுடுகிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் படுகிறது, கொதிக்கிறது. நனைந்த வைக்கோற்போர் மட்குகிறது; உள்ளே கை வைக்க முடியவில்லை. மலையிலிருந்து ஆறு இறங்குவதுபோல எல்லாம் இறங்குகின்றன, அம்மையே. தானாக ஏறுவது எதுவும் இல்லை.”

“விலக்கு?”

“இல்லை. வைகாசிப் பௌர்ணமி அவை இந்நூலை ஏற்றுக்கொண்டால் தலைமை இருக்கை எனக்கு. ஆயினும் தங்கள் குறி விழாமல் ஒரு சுவடியும் இங்கிருந்து நகராது.”

வண்டிக்காரர் சடையாண்டி துண்டால் விசிறிக்கொண்டார். “சீக்கிரம் விழட்டும் சாமி. வெயில் ஏறினா மாடு நகராது.”

“உன்னைக் கேட்கவில்லை.”

“என்னைக் கேக்க வேணாம். குடிக்கத் தண்ணியாச்சும் கேட்டு வாங்கிக் குடுங்க. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.”

நாச்சியார் எழுந்தார். குடத்து நீரை ஒரு செம்பில் மொண்டார். வெயில் பட்டுக் கிடந்த நீர், வெதுவெதுப்பாக இருந்தது. வாயகன்ற ஓர் உருளியில் வேறு நீர் ஊற்றிச் செம்பை அதன் நடுவே வைத்தார். பிறகு ஒரு படி வெடியுப்பை உருளி நீரில் கொட்டி, செம்பின் கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தார்.

“குறி...” என்றார் புலவர்.

“முதலில் தாகம்.”

செம்பு சடையாண்டியின் கைக்குப் போயிற்று. அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார், பாதியில் நிறுத்தினார்.

“ஆத்தாடி!”

“என்ன?”

“மார்கழித் தண்ணி சாமி! பல்லு கூசுது.”

புலவர் உருளிக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் விட்டார்.

“உப்பு முன்பே குளிர்ந்திருக்கும்.”

நாச்சியார் களத்தைக் காட்டினார். அங்கே பாயில் உப்புக் காய்ந்துகொண்டிருந்தது. புலவர் ஒரு பிடி அள்ளினார். சுட்டது. கை மாற்றிக் கை மாற்றி எடுத்து வந்தார். வேறு பாத்திரம் கேட்டார். வேறு நீர் கேட்டார். தாமே மொண்டு, தாமே இட்டார்.

நீர் குளிர்ந்தது.

“யார் கரைத்தது?” என்று கேட்டார் நாச்சியார்.

“யாருமில்லை. நான் கலக்கக்கூட இல்லை.”

“வெம்மை வெளிவந்ததா?”



விருத்தகிரி இடுப்பிலிருந்து எழுத்தாணியை எடுத்தார். அதை இரு கைகளாலும் பற்றி முழங்காலில் வைத்து அழுத்தினார்.

“ஒடிங்க, ஒடிங்க” என்றார் சடையாண்டி. “ஒடிச்சா ரெண்டாகும். ரெண்டும் தானா ஒட்டிக்குமான்னு அடுத்த புஸ்தகம் எழுதலாம். எதால எழுதுவீங்கன்னுதான் தெரியல.”

“புலவரே,” என்றார் நாச்சியார், “ஏன் கரைந்தது என்று அறிந்துகொள்ளாமலே ஒடிக்கப் போகிறீர்களா?”

எழுத்தாணி முழங்காலை விட்டு இறங்கியது.

“ஏன் கரைந்தது? வெம்மையைக் கொடுத்துவிட்டு இறங்கவில்லை, வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. யாரும் இழுக்காமல் மேட்டில் ஏறும் தேர் உண்டா?”

நாச்சியார் நாற்பதில் ஒரு சுவடியை எடுத்தார். கயிற்றை உருவினார். ஏடுகளை ஒரு முறத்தில் கொட்டிச் சடையாண்டியிடம் நீட்டினார்.

“புடையுங்கள்.”

அன்று சடையாண்டிக்குக் கிடைத்த வேலைகளில் இதுவே அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐந்து முறை புடைத்திருந்தால் போதும். இருபது முறை புடைத்தார்.

“வரிசையாக இருக்கின்றனவா, புலவரே?”

“எப்படி இருக்கும்?”

“இருக்கக் கூடாதென்று யார் தடுத்தது?”

புலவர் முறத்திலிருந்து இரண்டு ஏடுகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“எத்தனை வரிசை சரியானது?”

“ஒன்று.”

“தவறானவை?”

கணக்கென்றால் புலவருக்கு எப்போதும் ஒரு சபலம். “மூன்று ஏடுகளை ஆறு விதமாக அடுக்கலாம். ஒன்று சரி, ஐந்து தவறு. நான்கு ஏடுகளை இருபத்துநான்கு விதமாக. ஐந்தை நூற்றிருபது. பத்தை...” மணலில் விரலால் எழுதினார். நெடுநேரம் எழுதினார். “முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. அம்மையே, என் நூலில் ஏடுகள் நூற்றுப்பத்து.”

“ஒரு கல் உப்பில் எத்தனை ஏடு?”

புலவர் பாயிலிருந்து ஓர் உப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் விளிம்புகள் நேராக இருந்தன.

“இதுவும் ஒரு சுவடி” என்றார் மெதுவாக. “நீர் கயிற்றை உருவிவிட்டது.”

“உருவுவதற்கு வலிமை வேண்டாமா?”

“வேண்டும்.”

“அது யாருடையது?”

புலவர் தம் விரல்களைப் பார்த்தார். அவை இன்னும் சில்லென்றிருந்தன. “நீரின் வெம்மையுடையது” என்றார்.

வண்டி அன்று புறப்படவில்லை. புலவர் புன்னை நிழலில் அமர்ந்து, பொழுது சாயும்வரை எழுதினார். நாச்சியார் தம் வழக்கமான வேலையைப் பார்த்தார். வேறொரு பெரிய உருளியை வெயிலில் வைத்து, நீர் நன்றாகச் சூடேறியதும் உப்பை இட்டார். கரையக் கரைய இட்டார். இனிக் கரையாது என்று உப்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் மற்றோர் உருளியில் வடித்துக் கூரைக்கடியில் மூடி வைத்தார். அதைப் புலவரும் பார்த்தார். ஆனால் அவர் மனம் ஏட்டில் இருந்தது.

விடிந்ததும் புலவர் புதிய ஏட்டுடன் வந்தார்.

“கடைசி ஏட்டை மாற்றினால் போதும், அம்மையே. நாற்பதும் பிழைத்துக்கொள்ளும்.”

“படியுங்கள்.”

“தானாக நிகழ்வது எதுவும் கலைவை நோக்கியே நிகழும். கோத்தது கலையும், கலைந்தது தானாகக் கோத்துக்கொள்ளாது. விலக்கு இல்லை.”

சடையாண்டி மாடு பூட்டிக்கொண்டிருந்தார். “நேத்தும் இதே ‘விலக்கு இல்லை’தானே சாமி?”

நாச்சியார் கூரைக்கடியில் இருந்த உருளியின் மூடியை எடுத்தார்.

அடியில் உப்பு ஊசிகள் கிடந்தன. விரல் நீளம், பளிங்கு நிறம், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் பட்டை தீட்டியதுபோல் இருந்தது. ஒவ்வொரு விளிம்பும் நூல் பிடித்தாற்போல் ஓடியது.

“மாலையில் இதில் என்ன இருந்தது?”

“தெளிந்த நீர். நானே கண்டேன்.”

“யார் கோத்தது?”

புலவர் ஓர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சடையாண்டி வந்து எட்டிப் பார்த்தார். 

“நேற்றுப் பகலில் கலைவு வென்றது” என்றார் புலவர் கடைசியில். “விடிவதற்குள் கட்டு வென்றிருக்கிறது. அதே உப்பு, அதே நீர். யாரும் தள்ளவில்லை. இரண்டும் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன போலும். அப்படியானால் எது வெல்லும் என்று முன்னரே அறிவது எவ்வாறு?”

நாச்சியார் உருளியைப் பற்றி இழுத்து, கூரை நிழலிலிருந்து இளவெயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார். பிறகு மண்கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

புலவர் உருளியின் அருகில் குந்தினார்.

வெயில் ஏறியது.

“சாமி, மாடு பூட்டி எவ்வளவு நேரமாச்சு?”

“பொறு.”

“நான் பொறுப்பேன். அது பொறுக்குமா?”

ஊசிகளின் முனைகள் மழுங்கின. மிகச் சிறியவை முதலில் மறைந்தன. நீருக்குள் கண்ணாடி இழைபோல் ஏதோ நெளிந்தது. புலவர் ஒரு விரலை நீரில் வைத்தார், எடுக்கவில்லை. இரவில் குளிர்ந்திருந்த நீர் மெல்ல வெதுவெதுப்பாகியது.

நிழல் ஒரு சாண் சுருங்கியது.

அவர் எழுந்தார். “வண்டியை அவிழ்.”

“அப்ப நாப்பது சுவடி?”

“இறக்கிவிடு.”

“இருக்கை?”

புலவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு வெற்றேட்டை எடுத்தார். நின்றபடியே ஒரு வரி எழுதினார். ஆற்று மணலில் விரைந்து நடந்துபோய், அதை இரு கைகளாலும் நாச்சியாரிடம் நீட்டினார்.

நாச்சியார் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஏட்டை வாங்கிப் படித்தார்.

“எவ்வளவு வெம்மையில்?” என்றிருந்தது.

எழுத்தாணியைக் கேட்டு வாங்கி, அதன் கீழே தம் குறியை இட்டார்.

வைகாசிப் பௌர்ணமியன்று தலைமை இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. சடையாண்டியின் தாகத்துக்காகக் கரைத்த ஒரு படி உப்பை நீரிலிருந்து மீட்க ஒன்றரைச் சுமை விறகு எரிந்தது. அதற்கு ஈடான விறகை ஆனி முதல் நாள் விருத்தகிரி தம் தோளில் சுமந்து வந்து நாச்சியாரின் களத்தில் இறக்கினார்.