குடல் பேச்சை நிறுத்தியது

கழுதையும் காக்கையும் பேசிய அந்தக் காலத்தில் மனிதரின் குடலுக்கும் பேச்சு இருந்தது. விடிந்ததும், "எழுந்திரு, வேளை வந்துவிட்டது" என்று உரக்கக் கூப்பிடும். கூப்பிட்டால் வெளிக்குப் போய்விட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

வெள்ளச்சி உப்பு விற்கும் சாத்தனைக் கட்டிக்கொண்டு, முதன்முறையாக அவன் கூட்டத்தோடு புறப்பட்டாள். ஒரு மாத நடை. உப்பளத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை வெறுந்தரை. மறைய ஒரு புதர் கிடையாது. மறுநாள் காலை மாமனாரும் கொழுந்தன்மாரும் கழுதைகள் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் குடல் கூப்பிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பேசாம இரு" என்று வயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்போது போகாவிட்டால் எப்போது?"

"நான் சொல்றப்போ."

குடல் அடங்கியது. அடுத்த நாள் மெதுவாகக் கூப்பிட்டது, அதையும் அடக்கினாள். பிறகு ஒரு முனகல். நான்காம் நாள் சத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது, சோறு இறங்கவில்லை. வழியில் ஒரு தாழம்புதரைக் கண்டதும் ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

"இப்ப வா. நானே சொல்றேன், வா."

பதில் இல்லை. உள்ளங்கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். ஒரு அசைவும் இல்லை. செத்துவிட்டதோ என்று நடுங்கிப்போனாள்.

சாத்தன் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தான். குடல் துள்ளி எழுந்து, வேலையை முடித்து, மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து இரண்டு கரண்டி வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மூன்று.

"குப்பி காலியானா என்னங்க செய்றது?" என்று கேட்டாள். சாத்தன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தான்.

அவர்கள் பேசியதைக் கேட்ட சுமைக்கழுதை சொன்னது: "என்னையும் அடிச்சு அடிச்சுத்தான் நடத்துனாங்க. இப்ப அடி விழுந்தாத்தான் என் கால் நகருது."

வெள்ளச்சி குப்பியை மூடி வைத்தாள். மறுநாள் விடியலில் சுடச்சுடக் கஞ்சி குடித்துவிட்டு, அந்தக் கழுதையின் மறைவில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் உட்கார்ந்திருக்கும்போதே கூட்டம் கிளம்பிவிட்டது.

"வெள்ளச்சி, எல்லாரும் போயிட்டாங்க" என்றான் சாத்தன்.

"போகட்டும். இது அசையாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவனும் அங்கேயே தங்கிவிட்டான். இரண்டு பேர், ஒரு கழுதை, சுற்றிலும் ஆளில்லாத வெளி. நான்காம் நாள் கஞ்சி இறங்கிய சற்று நேரத்தில், அடிவயிற்றில் ஏதோ மெல்லப் புரண்டது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. மறுபடியும் புரண்டது. எண்ணெய் இல்லாமலே வயிறு இளகியது. வெள்ளச்சி அழுதுவிட்டாள்.

"இனி நான் வாய் திறந்து உன்னைக் கூச வைக்கமாட்டேன்" என்றது குடல். "சூடாக ஏதாவது வந்தால் ஒருமுறை அசைவேன். தெரிந்துகொள்வது உன் பாடு."

அதைக் கேட்ட சாத்தனின் குடலும் வாயை மூடிக்கொண்டது. இருவரும் கூட்டத்தைப் பிடித்தபோது கழுதை சொல்லி மற்றவர்களின் குடல்களுக்கும் செய்தி போனது, அவையும் பேச்சை நிறுத்தின.

அன்று தொட்டுத்தான் குடல் யாரையும் கூப்பிடுவதில்லை. காலையில் வயிற்றில் சூடு பட்டதும் ஒருமுறை புரண்டு பார்க்கிறது. யாரும் எழுந்து போகாவிட்டால் நாளுக்கு நாள் அடங்கிப்போகிறது.