கறுப்பு அடிக்காத புல்லி

திருப்பூரில் ஜெசிந்தா என்று ஒரு குரு இருந்தார். ஆசிரமம் எல்லாம் இல்லை. வீட்டில் கார் நிற்க வேண்டிய ஷெட்டில் உலோகம் கடையும் ஒரு லேத்தும் வெட்டும் ஒரு மில்லிங் மிஷினும் நின்றன. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடர் காளியண்ணனுக்கோ பேரன் பிறந்துவிட்டான்.

காளியண்ணன் தன் வீட்டு முன்னறையில், பனியன் துணிச் சட்டைகளுக்குக் காலர் பின்னும் மிஷின் ஒன்று வைத்திருந்தார். குடும்பம் அதில்தான் ஓடியது. ஒரு நாள் அதன் டைமிங் பெல்ட்டைச் சுழற்றும் பல்சக்கரமான புல்லியில் பற்கள் தேய்ந்து, பெல்ட் தாவ ஆரம்பித்தது. அது ஒரு பல் தாவினால் போதும், காலர் கோணிக்கொள்ளும்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் புல்லி. அதைத் தனியாகத் தர மாட்டேன் என்றார் மிஷினை விற்ற டீலர். மோட்டாரோடு சேர்த்து முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். வெளியில் செய்த பாகத்தைப் போட்டால் அந்த மிஷினை இனி எங்கள் மெக்கானிக் தொட மாட்டான் என்றும் சொன்னார். அந்தத் தெருவில் முழு செட் வாங்க முடியாதவர்கள் எல்லாம் மிஷினை அவரிடமே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போனார்கள். அவர் அதில் புதுப் புல்லியை மாட்டி வேறு ஊரில் விற்றார். கேட்டால் வியாபாரம் என்பார்.

காளியண்ணன் கொடுக்கவில்லை. ஜெசிந்தாவின் ஷெட்டுக்கு வந்தார்.

"ஒரு புல்லி செஞ்சு குடுங்க அம்மணி."

"செஞ்சு தர மாட்டனுங்கண்ணா. சொல்லித் தர்றேன். நீங்க செய்யுங்க."

"இந்த வயசுலயா?"

"புல்லிக்கு உங்க வயசு தெரியாதுங்க."

காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தேய்ந்த புல்லியை வெர்னியர் அளவுகோலில் வைத்து முன்னும் பின்னும் அளந்தார். அலுமினியத் துண்டைக் கடைந்து, அதே அளவில் பல் வெட்டினார். அச்சு அசலாக வந்தது. தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கே போனார். மாட்டி ஓட்டினால், பெல்ட் முன்போலவே தாவியது.

மறுபடி ஷெட்டுக்கு வந்து, புல்லியை மேசையில் வைத்தார்.

"எதைப் பாத்து செஞ்சீங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"கம்பெனி புல்லியப் பாத்துத்தான். இம்மி பிசகலீங்க."

"அந்தப் புல்லிய எதுக்குக் கழட்டுனீங்க?"

காளியண்ணன் பழைய புல்லியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேய்மானத்தையும் சேர்த்து அளந்து, தேய்மானத்தையும் சேர்த்து வெட்டியிருந்தார்.

ஜெசிந்தா பழைய புல்லியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அதைப் போட்டுட்டா எதை அளக்கறது அம்மணி?"

ஜெசிந்தா ஒரு புது பெல்ட்டை அவர் கையில் வைத்தார்.

"பல்லு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். மிச்சத்தை இதுகிட்டக் கேளுங்க. புல்லிய டீலர் ஒளிச்சு வெக்கலாம். பெல்ட் எல்லாக் கடையிலயும் தொங்குது. இது உக்காரத்தானே புல்லி?"

காளியண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தார். புது பெல்ட்டின் பல் போய் உட்காரும்படி, பள்ளம் வெட்டும் கட்டரைச் சாணையில் தேய்த்தார். பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியிலிருந்து வட்டத்தைக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு தரம் கணக்குப் பார்த்து வெட்டினார். ஒரு பல் பிசகினாலும் புல்லி முழுக்க வீண்.

"கட்டர் உடைஞ்சு போயிருமாட்ட இருக்குதுங்க."

"உடையட்டும். நாம தேச்ச கட்டர்தானே."

அது உடையத்தான் செய்தது. முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்று தேய்த்தார். மீதிப் பற்களை வெட்டி முடித்துப் பெல்ட்டை மேலே சுற்றினார். பல்லும் பள்ளமும் பேசிவைத்தது போல உட்கார்ந்தன. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. கம்பெனி புல்லி கறுப்பு. இதுவோ வெள்ளையாகப் பளபளத்தது.

"கறுப்பு பெயிண்ட் அடிச்சுக்கட்டுங்களா அம்மணி? மூடியத் தொறந்தா டீலர் கண்டுபிடிச்சிருவாரு."

ஜெசிந்தா உலோகத்தில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினார்.

"இது எதுக்குங்க?"

"புல்லி முகத்துல உங்க பேரை அடிங்க."

"அடிச்சா அப்பறம் மறைக்கவே முடியாதுங்களே."

"திருடிட்டு வந்தீங்களா?"

காளியண்ணன் சுத்தியலை வாங்கினார். புள்ளி புள்ளியாகத் தன் பெயரை அடித்தார். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

மிஷின் ஓடியது. காலர் நேராக இறங்கியது. அவர் மனைவி பழனாத்தாள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த நூல்கோனை மாட்டினார். பெல்ட் சரியான இறுக்கத்தில் ஓடுகிறதா என்று பார்க்க ஜெசிந்தாவும் வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து டீலர் வந்தார். காளியண்ணன் மிஷினை எப்போது கொடுக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் போக வந்தவர், ஓடும் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, மிஷினை நிறுத்தி மூடியைத் திறந்தார். யாரையும் கேட்கவில்லை.

புள்ளிகளைக் கூட்டி வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எங்க மிஷின்ல யாரு பேரு இது?"

"எம் மிஷின்ல எம் பேருங்க" என்றார் காளியண்ணன்.

"இனி எங்க ஆள் யாரும் இதைத் தொட மாட்டான். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"நாளைக்கு வேற ஏதாவது உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

காளியண்ணன் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா குனிந்து பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவர் கையை எடுத்ததும் காளியண்ணன் மூடியைச் சாத்தினார். சுவிட்சில் கையை வைத்தார்.

"உடையட்டுங்க" என்றார்.