ஏழு வீட்டுச் சோறு

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். ஆற்றிலிருந்து மடத்துக்கு ஏறி வர முப்பத்திரண்டு படிகள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் படிகளை ஏறி வந்த சென்னியப்ப வாத்தியார், வழக்கம்போல் சபையில் பதிகம் பாட உட்கார்ந்தார். முதல் அடியைப் பாடினார். இரண்டாம் அடியின் நடுவில் மூச்சு முட்டியது. கண்ணை மூடிக்கொண்டு சமாளித்தார். பக்தி பெருகித்தான் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மடத்துத் தலைவர் நாச்சிமுத்து அடிகள் அப்படி நினைக்கவில்லை.

"வாத்தியாரய்யா, நிறுத்துங்க," என்றார்.

சபை நிமிர்ந்து பார்த்தது.

"ஒடம்பு ரொம்பப் பெருத்துப் போச்சுங்க உங்களுக்கு. கொறைக்கோணும். இப்படியே விட்டா பாட்டு மட்டுமில்லீங்க, மூச்சும் ஒரு நாளைக்குப் பாதியில நின்னு போயிரும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

வாத்தியார் எழுந்து போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன பையன்தான் இந்த நாச்சிமுத்து. மனைவி இறந்து தனியாளான பிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தன் மாணவன் காலிலேயே விழுந்து வாத்தியார் சீடரானார். ஊர் கேலி செய்தது. அவர் பொருட்படுத்தவில்லை. அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். அவருக்கு அது இருந்தது. ஆனால் முப்பத்துமூன்று வருஷம் அடுத்தவர் குறையை எடுத்துச் சொல்லிப் பழகிய மனிதர் அவர். தன் குறையைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வரும்?

உடம்பு பெருத்த கதையும் வேடிக்கையானதுதான். அந்த மடத்துச் சீடர்கள் தினமும் ஏழு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிடி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே திருவோட்டில் கலந்து உண்ண வேண்டும். அதுதான் விதி. வாத்தியார் ஒவ்வொரு வாசலிலும் நின்று பாடுவார். நல்ல குரல். அந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் வேறு. அவருக்குப் போய் ஒரு பிடி சோறு போட யாருக்கு மனசு வரும்? உள்ளே கூப்பிட்டு இலை போட்டார்கள்.

முதல் வீட்டில் தேங்காய்ப்பாலோடு சந்தவை என்னும் இடியாப்பம். இரண்டாம் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம். மூன்றாம் வீட்டில் வடை. இப்படியே போய் ஏழாவதாக அருக்காணி அம்மாள் வீட்டில் ஒப்புட்டோடு, அந்த இனிப்புப் போளியோடு, முடியும். ஒரு வீட்டில் சாப்பிட்டு மறு வீட்டில் வேண்டாம் என்றால் அந்த வீட்டு அம்மாள் முகம் வாடிவிடும். அன்பாகக் கொடுப்பதை மறுக்கக்கூடாது என்பது வாத்தியாரின் கொள்கை. வயிற்றுக்கும் அந்தக் கொள்கை பிடித்துப்போயிற்று. எட்டாவது வீட்டுக்கு மட்டும் அவர் ஒரு நாளும் போனதில்லை. விதியை மீறாதவர் என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சபையில் பேச்சு வாங்கிய அன்று மத்தியானம் அவர் மடத்துச் சமையல்காரன் கருப்பண்ணனிடம் சொன்னார்:

"இனிமே நா பிச்சைக்கும் போகல. இங்கயும் எனக்குச் சோறு வெக்க வேண்டாம்."

"என்னங்கய்யா இது?"

"உங்க சாமி கொறைக்கச் சொல்லிட்டாருல்ல. கொறைச்சுக் காட்டறேன்."

தண்ணீர், எலுமிச்சைச் சாறு. வேறொன்றும் இல்லை. இரண்டாம் நாள் அடிகள் ஒரு வட்டிலில் கஞ்சியோடு வந்தார்.

"சாப்பிடுங்க."

"சாமி சொன்னதைத்தான் செஞ்சுட்டிருக்கேன்."

"இதை நா சொல்லலீங்க."

"கொறைக்கோணும்னு சொன்னீங்க. கொறையுது."

அடிகள் வட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மூன்றாம் நாளும் வந்தார், நான்காம் நாளும் வந்தார். வாத்தியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. வாத்தியார் கடும் விரதம் இருக்கிறாராம். முகத்தில் ஒளி தெரிகிறதாம். ஆட்கள் வந்து விழுந்து கும்பிட்டார்கள். அருக்காணி அம்மாள் வந்து அழுதுகொண்டே திருநீறு வாங்கிக்கொண்டாள். அன்று சபையில் சிரித்தவரும் வந்தார். வாத்தியாருக்கு அதுதான் பெரிய திருப்தி. பசி குடலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ரோஷம் அவரை நன்றாகவே தாங்கியது.

ஐந்தாம் நாள் அடிகள் வந்தபோது அறையில் கூட்டம். அவர் வாசலிலேயே நின்றார்.

"வாத்தியாரய்யா, கொறையறது ஒடம்பு இல்லீங்க. உசுரு. போதுமுங்க இது."

"நாலு பேர் மத்தியில சொல்லறதே சாமிக்கு வழக்கமாப் போச்சு."

கூட்டத்தில் ஒருவர் அடிகளை முறைத்தார். பொறாமை என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அடிகள் காதில் அது விழுந்தது. அவர் முகம் கறுத்துப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆறாம் நாள் காலை வாத்தியார் குளிக்க இறங்கினார். கீழே போய்விட்டார்; மேலே வர முடியவில்லை. ஐந்தாவது படியில் கண் இருட்டியது. சரிந்து நாலு படி உருண்டார். நெற்றி கிழிந்தது. கால் தண்ணீருக்குள் போய்விட்டது. துணி அலசிக்கொண்டிருந்த கருப்பண்ணன் கையைப் பிடித்திருக்காவிட்டால் ஆறு கொண்டுபோயிருக்கும். சத்தம் கேட்டு அடிகள் ஓடி வந்தார். அந்த முப்பத்திரண்டு படியையும் அவர் அப்படி ஓடி இறங்கி யாரும் பார்த்ததில்லை. கருப்பண்ணனோடு சேர்ந்து வாத்தியாரைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்.

அன்று கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். மறுக்கத் தெம்பு இல்லாததால் வாத்தியார் விழுங்கினார். மறுநாள் கஞ்சியே குடித்தார். தெம்பு திரும்பியது, கோபமும் கூடவே திரும்பியது.

எட்டாம் நாள் காலை வாத்தியார் துணிமணிகளை மூட்டை கட்டினார். அடிகளிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அவரைக் காணோம்.

"சாமி எங்கே?"

"திருவோட்டை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனாருங்க," என்றான் கருப்பண்ணன்.

"அவரா?"

"அவருதானுங்க."

தலைவரான பிறகு அடிகள் பிச்சைக்குப் போனதே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வாத்தியார் மூட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

உச்சி வெயிலில் அடிகள் வந்தார். துணி வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. திருவோட்டை வாத்தியாரின் முன்னால் வைத்தார். ஏழு வீட்டுச் சோறும் ஒன்றாகக் கலந்து, கொஞ்சம் கீரை, கொஞ்சம் பயறு, எல்லாம் சேர்ந்து கிடந்தது. பார்க்க அழகாக இல்லை. அரை ஓட்டுக்கு மேல் இருந்தது, அவ்வளவுதான்.

"இது எதுக்குங்க?"

"உங்களுக்குத்தான். ஏழு பிடி. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு இது போதுமுங்க. இதுக்கு மேலயும் வேண்டாம். இதுக்குக் கீழயும் வேண்டாம்."

"அருக்காணி வீட்டுல என்ன சொன்னாங்க?"

"எலை போட்டாங்க. ஒரு பிடி போதும்னு நின்னேன். மொகம் வாடிப் போச்சுங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். வாசலைத் தாண்டறதுக்குள்ள சரியாப் போச்சு. கோழியை முடுக்கி வெரட்டிட்டிருந்தாங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நா கிளம்பறேன் சாமி."

"எங்கீங்க?"

"எங்கியோ. கூட்டத்துல வெச்சு ஒடம்பைச் சொல்லிக் காட்டாத எடம் ஒண்ணு இருக்காதா?"

"தனியா மூணு தடவை சொன்னனுங்க."

"எப்போ?"

"தை மாசம் சந்தைக்கு வண்டி வேண்டாம், பேசிக்கிட்டே நடந்து போலாம்னேன். மழை வந்துரும்னீங்க."

வாத்தியார் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். தையில் எந்த ஊரில் மழை பெய்கிறது?

"பங்குனியில, அந்திப் பலகாரத்தை நிறுத்திப் பாருங்கன்னேன். சிரிச்சீங்க. சித்திரையில, படியேறுனா மூச்சு வாங்குதான்னு கேட்டேன். வெயிலுன்னு சொன்னீங்க. அப்பறம்தான் சபையில சொன்னேன்."

"அதுக்குத்தான் கொறைச்சேனே. ஆறு நாள் பச்சைத் தண்ணி குடிச்சுக் கொறைச்சேனே."

"எத்தனை வருசமாப் பெருத்துச்சுங்க?"

"ஒம்பது வருசம்."

"ஒம்பது வருசமா ஏறுனதை ஆறு நாள்ல எறக்கப் பாத்தா, ஆளே எறங்கிப் போயிருவாங்க. தெனமும் இந்த ஏழு பிடி. காலையில கஞ்சி. அந்திக்கு ஏதாச்சும் லேசா. போக வர ரெண்டு கல்லு நடை. முடியறபோது உக்காந்துக்கலாம். ஒரு வருசம் ஆகும், ரெண்டு வருசமும் ஆகும். பட்டினி கெடந்தீங்களே, அது என் மேல இருந்த கோவம். அதை ஒடம்பு மேல காட்டிட்டீங்க."

"டேய் நாச்சிமுத்து," என்றார் வாத்தியார்.

பின்னால் கருப்பண்ணன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"சொல்லுங்க சார்," என்றார் அடிகள். குரல் மாறவில்லை.

"உன்னைய அஞ்சு வருசம் பெஞ்சில உக்கார வெச்சவன்டா நானு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. செத்துரலாம்போல இருந்துச்சு."

"தெரியுமுங்க சார்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

"ஏன்டா?"

அடிகள் நிலைப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது குருவாகத் தெரியவில்லை. வெயிலில் அலைந்து வந்த ஒரு மனிதராகத்தான் தெரிந்தார்.

"எனக்கு முந்தி இங்க குருவா இருந்த எங்க பெரியசாமியை நீங்க பக்கத்துல இருந்து பாத்ததில்லீங்க. உங்களைவிடப் பெரிய ஒடம்பு. அருள் தெரண்ட மேனின்னு சொல்லுவோம். நானும் சொல்லுவேன். படியேற முடியாமப் போச்சு. நாற்காலியில வெச்சுத் தூக்குனோம். யாரு தூக்கறதுன்னு எங்களுக்குள்ள சண்டையே வரும். கால் வீங்குச்சு. கும்பிடறவங்க தொட்டுத் தொட்டு வீங்கிருச்சுன்னு சொன்னோம்."

"யாருமே சொல்லலியா?"

"எப்படிச் சொல்லறது? குருவாச்சே. மரியாதை வேண்டாமுங்களா?"

வாத்தியார் மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு நாள் மத்தியானம். நாந்தான் பரிமாறுனேன். அவருக்கு வேர்த்து ஊத்துது. மூச்சு இழுக்குது. எலையவே கொஞ்ச நேரம் பாத்துட்டிருந்தாரு. அப்பறம் தலையைத் தூக்கி என்னையப் பாத்தாரு. 'நாச்சிமுத்து, போதுமாடா எனக்கு?'ன்னு கேட்டாரு. சின்னப் பையனாட்டம் கேட்டாருங்க. அன்னிக்குச் சாயங்காலம் படியில விழுந்தவருதான். எந்திரிக்கவே இல்ல. அம்பத்திமூணு வயசு."

வாத்தியார் மெதுவாகக் கேட்டார்:

"போதுமான்னு அவரே கேட்டாரே. நீ என்ன சொன்னே?"

அடிகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"'இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்தட்டுங்களா சாமி'ன்னு கேட்டனுங்க சார்."

வாத்தியார் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு, திருவோட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.